ஒண்ணு உதைக்குது

பைபாஸில் கிரானைட் லாரி ஏறினால்
நாகமலைக்கு இந்தப் பக்கம்
எங்கள் லேசர் மேசை நடுங்கும்.
காற்றடைத்த கால்கள்தான்,
இருந்தாலும் நடுங்கும்.

ராத்திரி இரண்டே முக்கால்.
வெற்றிடத்துக்குள் நாற்பத்தெட்டு ருபீடியம் அணுக்கள்,
ஆளுக்கொரு ஒளிப்பிடியில்.
கணக்கு ஓடும்போது அவற்றைப் பார்க்கக் கூடாது.
பார்த்தால் கலைந்துபோகும்.

பிறகு தப்பை எப்படிப் பிடிப்பீங்க மேடம் என்றார்
சில்லர் பழுதுபார்க்க மேலூரிலிருந்து வந்த
சோலைமலை, கையில் ஸ்பேனரோடு.

நீ யார் என்று எந்த அணுவையும் கேட்பதில்லை.
நீயும் பக்கத்து ஆளும் ஒன்றா வேறா,
அவ்வளவுதான் கேள்வி.
அதையும் நடுவில் உட்கார்ந்திருக்கும்
இன்னொரு அணுவிடம்தான் கேட்போம்.

அட, பெரியார் ஸ்டாண்டு கடைசி வண்டி.
கண்டக்டர் தலையை எண்ணுவாரு, டிக்கெட்டை எண்ணுவாரு,
ஒண்ணு உதைக்கும். யாருன்னு தெரியாது.
ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் எண்ணுனா சிக்கிருவான்.

லாரி போனது.
இருக்கிறாயா என்று மட்டும் கேட்டுப் படம் எடுத்தோம்.
மூன்றாம் வரிசை, ஆறாவது இடம், இருட்டு.
நான் சிரித்துவிட்டேன்.

போனதுக்கா சிரிக்கிறீங்க?

போனது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.
ஓரத்து உதிரிகளில் ஒன்றை நகர்த்தி
அங்கே உட்காரவைக்கலாம்,
அக்கம்பக்கத்திடம் கேட்டு
விட்டுப்போனதை அதற்குச் சொல்லித்தரலாம்.
இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு
மாறிப்போகிறதே ஒன்று,
படத்தில் மற்றவை மாதிரியே ஒளிர்ந்துகொண்டு,
அதுதான் பாடாய்ப் படுத்தும்.

ரெஜினா தையில் ஜெர்மனி போனாள்.
அவளுடைய லேப் செருப்பு இன்னும் மேசைக்கடியில்.
ஒரே வாரத்தில் அவள் வேலையை
மூன்று பேருக்குப் பிரித்துவிட்டோம்.

நான் போகவில்லை.
வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் விடுபடவில்லை.
மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை,
இந்த வேலையில் எனக்கிருந்த ஏதோ ஒன்று
சத்தமில்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டது.
கூட்டங்களில் தலையாட்டுகிறேன்.
வரைபடங்களுக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கிறேன்.

சில்லர் உறுமத் தொடங்கியது.
சோலைமலை பில்லை நீட்டினார்.
கையெழுத்துப் போட்டேன், கீழே தேதி.
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

நீங்க போட்ட தேதியும்
நான் போட்ட தேதியும் ஒத்துவரலையே மேடம்.

எது தப்பு என்று அவர் சொல்லவில்லை.
பேனாவை மூடாமல் நின்றார்.