நிறை குறைந்த பாண்

விடிய மூன்று மணி, ஸ்காபரோவில்.
பத்து நிமிச இடைவேளை.
வலைத்தொப்பியைக் கழற்றி, காதடைப்பை எடுத்தாலும்
மெஷின்கள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.
அங்கே எட்டு மணி, யோர்க்கில்.
ஆரபி ஆற்றங்கரையால் நடந்து போகிறாள்,
ஃபோனை வாய்க்குக் கிட்டப் பிடித்தபடி, மூச்சு வாங்க.
ஆறு பெருகினால் அந்தப் பாதை தண்ணிக்குள் போய்விடுமாம்.
அவள் அறை கோட்டை மதிலுக்கு உள்ளே.
"மதிலில் இப்பவும் காவலுக்கு ஆள் நிக்குதோ?"
"டூரிஸ்ட்தான் நிக்குது, அம்மா."

பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கோயிலில் கேட்டார்கள்.
மருத்துவம் என்றால் ஒரு தலையாட்டல்,
சட்டம் என்றால் இன்னொன்று.
பழைய காகிதம் வாசிக்கிறாள் என்றேன்.
காகிதமும் இல்லையாம், ஆட்டுத்தோல்.
அதற்கு என்ன முகம் வைப்பதென்று
அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

கட்டணம் பவுணில்.
பவுண் என்றால் எனக்குத் தங்கம்.
கழுத்திலும் கையிலும் கிடந்த பதினொரு பவுண்
அவர்களுடைய பவுணாக மாறியபோது
ஒரு தவணைக்குக் கொஞ்சம் காணாமல் போனது.

பெப்ரவரியில் ஒரு படம் அனுப்பினாள்.
மண்ணிறத் தோல்,
தேயிலைத் தூளை விரலால் இழுத்துவிட்ட மாதிரி எழுத்து.
"இதுக்குள்ள ஒரு பொம்பிளை இருக்கிறா, அம்மா.
ஆக்னஸ். பாண் சுட்டு வித்தவ.
நிறை குறைஞ்ச பாண் வித்ததுக்கு
நாலு பென்ஸ் தண்டம்."

நான் சிரித்த சிரிப்பில்
தூங்கிக்கொண்டிருந்த மரிவிக் எழும்பிவிட்டாள்.
நாலாம் வரிசையில் என் வேலையே அதுதானே.
அறுநூற்று எழுபத்தைந்து கிராம்.
குறைந்தால் தராசு கண்டுபிடிக்கும்,
காற்றுக் குழாய் 'டஸ்' என்று ஊதி
பாணைத் தொட்டிக்குள் தள்ளும்.
இளஞ்சூட்டோடு விழும். மணக்கும்.
யாரையும் கூப்பிட்டுத் தண்டம் எழுதுவதில்லை.

"எவ்வளவு குறைஞ்சதாம்?"
அது எழுதவில்லையாம்.
"ஏன் குறைஞ்சதாம்?"
அதுவும் இல்லை.
மா விலை ஏறியிருக்கும், என்றேன்.
பிள்ளைக்குக் காய்ச்சலாக இருந்திருக்கும்.
இல்லாவிட்டால் களவாகவும் இருக்கும், ஏன் இல்லை.
போறணை கூட எரிந்தால்
பாணுக்குள் தண்ணி வற்றி நிறை போகும்,
பிசைந்தபோது சரியாக இருந்தது
சுட்டபின் குறைந்துதான் வரும்.
அந்தப் பக்கம் காலடிச் சத்தம் நின்றது.
"பொறுங்கோ அம்மா, திருப்பிச் சொல்லுங்கோ."
பை திறக்கிற சத்தம், பேனை.
இருபத்திரண்டு வருசத்தில்
நான் சொன்ன ஒன்றையும் அவள் எழுதி வைத்ததில்லை.

என் அட்டையில் 'தவா' என்று மட்டும் அடித்திருக்கிறார்கள்,
தவமலருக்கு இடம் காணாதாம்.
ஆக்னஸுக்கும் முன்னுக்கு ஒன்றுமில்லை, பின்னுக்கு ஒன்றுமில்லை.
ஒருமுறை தராசைப் பிழையாக வைத்ததற்கு
எனக்கும் கடிதம் தந்தார்கள், கையெழுத்து வைத்தேன்.
அலுவலகத்தில் எங்கேயோ கிடக்கும்.
தோல் இல்லை அது, கெதியாக மக்கிப் போகும்.
போகட்டும்.

மார்ச்சில் இங்கே மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள்,
அங்கே இன்னும் தள்ளவில்லை.
கொஞ்ச நாளைக்கு
எங்கள் இருவருக்கும் இடையில் நாலு மணித்தியாலம்தான்.
நினைவில்லாமல் வழமைபோல மூன்றுக்கே எடுத்துவிட்டேன்.
அவளுக்கு ஏழு.
போர்வைக்குள்ளிருந்து, கரகரத்து:
"ம்... அம்மா... அஞ்சு நிமிசம்."

நான் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.
அவள் மூச்சு ஒரு காதில்.
மற்றக் காதில், கதவுக்கு அப்பால்,
டஸ்...
டஸ்... என்று
தராசு குறைந்ததைத் தள்ளிக்கொண்டிருந்தது.