அளவு 56

ஐரோப்பாவில் குழந்தைச் சட்டைக்கு மாதக் கணக்கு இல்லை.
நீளம்தான்.
ஐம்பது, ஐம்பத்தாறு, அறுபத்திரண்டு,
உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை சென்டிமீட்டர்,
ஆறாறாய் ஏறும்.
பதினோரு வருஷமாய் அங்கேரிப்பாளையம் ரோட்டில்
இந்த எண்களை எக்செல்லில் நிரப்பித்தான்
வாடகை, ஸ்கூட்டி, தம்பியின் காலேஜ்.

ஸ்டாக்ஹோம் அன்னிகா
ஒரு வெள்ளிக்கிழமை மெயிலில் இல்லாமல் போனாள்.
விடுப்பில் இருக்கிறேன், அடுத்த வருஷம் செப்டம்பரில் வருவேன்
என்று தானாக ஒரு பதில் வந்தது.
வருஷத்தைத் தப்பாக அடித்துவிட்டாள் என்றே நினைத்தோம்.
அவள் பிள்ளை எண்பது போடும்போது
சொன்ன தேதியில் வந்தாள்.
இனிமேல் அவள் புருஷனுக்கு லீவாம்.
ஆம்பளை லீவு போட்டு என்னத்தப் பண்ணுவான் என்று
கட்டிங் மாஸ்டர் மாரப்பன்
டீக்கடைவரை கேட்டுக்கொண்டே வந்தார்.

ராட்டர்டாம் மரைக்கா வீட்டிலேயே பெற்றாள்.
கட்டிலுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தி,
மருத்துவச்சி சைக்கிளில் வந்து.
அப்புறம் எட்டு நாள் ஒருத்தி வந்தாளாம்,
குழந்தையைக் குளிப்பாட்ட, துணி துவைக்க,
பார்க்க வந்தவர்களுக்குக் காபி போட.
வீட்டிலயா என்று ஆபீசே முகம் சுளித்தது.
எங்களுக்குத் தெரிந்து வீட்டில் பெற்றவள்
ஆம்புலன்ஸ் லேட்டானவள் மட்டும்தான்.
மரைக்கா அறுபத்திரண்டில் திரும்பினாள்.

ஒஹாயோ டெப்ரா பதினேழாம் நாள்
மெயில் போட்டாள்:
லேபிள் நீலம் இன்னும் வெளிர வேண்டும், இன்றைக்கே.
அங்கே அப்போது ராத்திரி மூன்று மணி.
எழுத்துப்பிழை நிறைய.
ஒரு கையால் அடித்திருப்பாள்.

எனக்கு இருபத்தாறு வாரம்.
ஸ்டாஃப், சட்டப்படி.
ஒன்பதாம் மாசம் வரை உட்கார்ந்து
எல்லா வாரத்தையும் பிள்ளை பிறந்த பின்னாலுக்கு
மிச்சம் பிடிக்கிறேன்.
அறுபத்தெட்டு வரை இழுக்கலாம்.
தேதியும் குறித்தாயிற்று:
வியாழன் காலை ஒன்பதரைக்கு மேல்.
ரோகிணி தாண்டணும், தாய்மாமனுக்கு ஆகாது என்று
மாமனார் பல்லடம் போய்க் கேட்டு வந்தார்.
தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் புதன் ராத்திரி.
கிரகம் கம்பெனி பக்கம் என்று எம்.டி. சிரித்தார்.
அவினாசி ரோட்டு டாக்டரம்மா
சரி அன்னிக்கே கத்தி வெச்சுக்கலாம் என்றார்.
உனக்கு எப்படிப் பெற வேண்டும் என்று
இங்கே யாராவது கேட்டார்களா,
மரைக்காவின் மெயிலில் ஒரு வரி.
பதில் எழுதினேன். அழித்தேன்.
துணியின் ஜி.எஸ்.எம். மட்டும் அனுப்பினேன்.

துளசிமணி ஓவர்லாக்.
பவர்டேபிள் கான்ட்ராக்டர் நோட்டில் அவள் பேர்.
எண்பது நாள் ஆயிட்டா உனக்கும் லீவு உண்டு
என்று அவளுக்குச் சொன்னது நான்தான்.
கேன்டீனில் சொன்னேன். சத்தமாக.
எழுபத்தொன்பதாம் நாள்
அவள் பேர் வேறொருவர் நோட்டில் இருந்தது,
ஒன்றாம் நாளாக.
அதைப் பற்றி அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

தாராபுரம் ரோட்டுப் பெரியாஸ்பத்திரி. சுகப்பிரசவம்.
அன்னிகா கையெழுத்துப் போட்ட அப்ரூவல் சாம்பிள்,
ஐம்பத்தாறு, மஞ்சளில் முயல்,
ஃபைலிலிருந்து உருவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
சாம்பிள் காணோம் என்று ஆடிட்டில் எழுதினார்கள்.
எழுதட்டும்.

நேற்று லைனில் வேறு ஆளின் முதுகு என்று பார்த்தால்
அவள் முதுகு.
முப்பத்துநாலாம் நாள்.
ஜாக்கெட்டுக்குள் பனியன் வேஸ்ட் மடித்து வைத்திருந்தாள்,
அதுவும் நனைந்திருந்தது.
பிள்ளை?
எங்கம்மாகிட்ட உட்டுப்போட்டு வந்தனுங்க்கா.
சட்டை பத்துதா?

கால் பெடலிலேயே இருந்தது.
நூலை அறுத்துவிட்டுச் சொன்னாள்:
இன்னும் லூசாத்தான் கெடக்குதுங்க.
கையி ரெண்டு மடிப்பு மடிச்சு உட்டிருக்குது.