உட்புறம்: பத்துக்கு எத்தனை

மொன்டானாவில், கிளெண்டைவ் ஊரின் கிழக்குக் கோடியில்,
ஸ்டானெக்கின் பழைய வண்டி வியாபாரம்.
அங்கே எனக்கு வேலை மதிப்பெண் போடுவது.
எஞ்சினுக்கு இத்தனை, பெயின்டுக்கு இத்தனை,
உட்புறத்துக்குப் பத்துக்கு எத்தனை.
டீச்சராக முடியாதவள்
வண்டிகளைப் பழி வாங்குகிறாள் என்பார் ஸ்டானெக்.

ஜனவரி. மைனஸ் இருபத்தெட்டு.
டோவா பிரெக்கி வந்தாள், மாட்டு டாக்டர்,
முழங்கை வரை அயோடின் வாடையோடு.
இரண்டு வருடம்கூட ஆகாத பெரிய எஸ்யூவி.
கதவைத் திறந்தால்
பால்நிறத் தோல், எறும்பு வரிசை போல் தையல்,
வால்நட் மரம்.
மரம்தான், ஸ்டிக்கர் இல்லை, நகத்தால் கீறிப் பார்த்தேன்.
முதுகுக்கும் தொடைக்கும் தனித்தனிச் சூடு.
கதவைச் சாத்தினால்
காற்று வெளியே நின்று வாயசைக்கிறது,
ஒரு சொல்லும் உள்ளே வரவில்லை.
ஒன்பது என்று எழுதினேன்.
பின்சீட்டு மூலையில்
கன்றின் ஈரம் காய்ந்த வாடை.
ஒன்பதை அடித்து எட்டரை.

"எதற்கு விற்கிறீர்கள்?"

கோபமே இல்லாமல் சொன்னாள்.
சிட்னிக்குப் போகிற வழியில்,
கங்காரு இல்லாத, சர்க்கரை பீட் விளைகிற
எங்கள் சிட்னிதான்,
திரை அணைந்தது.
ஹீட்டரின் பொத்தான் திரைக்குள் இருந்ததால்
ஹீட்டரும்.
டிசம்பரில் ஒரு விடியற்காலை
கியர் இருந்த இடத்தைவிட்டு அசைய மறுத்தது.
நாற்பது மைல் தள்ளி ஒரு பசு,
கன்றின் ஒற்றைக் கால் மட்டும் வெளியே.
இழுவை வண்டி வந்து சேர்ந்தபோது
பசுவுக்கு டாக்டர் தேவைப்படவில்லை.

பிறகு ஜன்னல் வழியே கை நீட்டினாள்.
"பின்வேலியோரம் நிற்கிறதே,
இன்னும் யாரும் வாங்கவில்லையா?"

யார் வாங்குவார்?
மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் மைல் ஓடிய பிக்கப்.
டேஷ்போர்டு, தண்ணீர் வற்றி வெடித்த ஏரி.
கூரைத்துணி தொங்கி
ஓட்டுகிறவர் தலையை ஆசீர்வதிக்கும்.
ரேடியோவில் ஒரே நிலையம், அதில் கோதுமை விலை.
சீட்டைக் கிழித்து வந்த ஸ்பிரிங் ஒன்று
இடுப்பில் எலும்பு தேடும்.
அவள் அதை விற்ற அன்று நான் எழுதியது:
உட்புறம் ஒன்று.
அந்த ஒன்றும் கையுறைப் பெட்டி மூடுகிறதே என்பதற்காக.

ஸ்டானெக் சாவி போட்டார்.
ஆறு வாரம் பனியில் கிடந்தது.
பேட்டரிக்கு மட்டும் ஒரு கை கொடுத்தோம்.
ஏதோ கெட்ட வார்த்தை முனகி, இருமி,
எழுந்துகொண்டது.

டோவா மகிழ்ந்துவிடவில்லை.
"இதில் ஏறினால் வண்டி போய்ச் சேரும்" என்றாள்.
"என் முதுகு சேராது.
அந்தச் சீட்டை மட்டும் கழற்றி
இதில் வையுங்களேன்."

ஸ்டானெக் சிரித்தார்.
பிறகு கணக்குப் போட்டார்.
பிறகு சிரிக்கவில்லை.
எமெடெரியோ வந்து போல்ட் துளைகளை அளந்தான்.
பத்துப் பொருத்தத்தில் ஒன்றுகூட இல்லை.
"வெல்டிங் எதற்கு இருக்கிறது?" என்றான்.

இருட்டிய பிறகும் பட்டறையில் நீலப்பொறி.
சீட்டுச் சூட்டுக்குத் தனி ஒயர் இழுத்து
டிராக்டரில் கழற்றிய சுவிட்சை வைத்தான்.
கிழ வாயில் கட்டிய புதுப்பல்லாய்
அந்தப் பால்நிறம்.
பதினோராயிரம் டாலர் நஷ்டத்துக்கு
நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.
ஏறி உட்கார்ந்தாள்.
கூரைத்துணியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே
வளைவில் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை எஸ்யூவிக்கு மறுமதிப்பெண்.
ஓட்டுகிற இடத்தில் நாலு துளை, அறுந்த ஒயர்.
பெயின்ட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து
பொத்தானை அழுத்தினேன்.
ஒரு தயக்கமும் இல்லாமல்
பளிச்சென்று விழித்தது திரை:

காலை வணக்கம், டோவா.
உங்கள் இருக்கை
நீங்கள் விரும்பியபடி
சரிசெய்யப்படுகிறது.