அங்கே மாதிரி இருக்கா

லாசுப்பேட்டையில் அந்தச் சாலை
ஆறு மணிக்குமேல் பசிக்க ஆரம்பிக்கும்.
முதல் வண்டியில் அத்தோ.
கையுறை போட்ட கை ஒன்று
ஆரஞ்சு நூடுல்ஸில் பூண்டெண்ணெயும் புளித்தண்ணியும் ஊற்றிப்
பிசைந்துகொண்டே இருக்கும்.
கேட்காமலே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்.
அடுத்தது, சைகோனிலிருந்து வந்த குடும்பத்தின் நேம்.
கீரையில் சுருட்டி, புதினா வைத்து,
மீன்சாற்றில் தொட வேண்டும்.
"கருவாட்டுத் தண்ணிதானே இது" என்பான் கலியபெருமாள்,
சொல்லிவிட்டு ஆறாவதை எடுப்பான்.

போன சனிக்கிழமை புதிதாக ஒரு பலகை:
சிங்கப்பூர் லக்சா, தொண்ணூறு ரூபாய்.
வேதராசு என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான்.
"மதலேன் அக்கா, இவரு ரெண்டு வருஷம் அங்கேயே இருந்தவரு.
இவரு சொல்லட்டும்."

அக்கா கரண்டியைத் துடைத்தார்.
போனைப் பார்த்துப் பார்த்துக் கற்றதாம்.
தேங்காய்ப்பால் வீட்டில் பிழிந்தது,
சென்னாக்குன்னி முதுநகர் சந்தையில் வாங்கியது,
அந்த இலை மட்டும் கிடைக்கவில்லை,
அதற்குப் பதில் என்ன போட்டார் என்று சொல்லவில்லை.
கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினார்,
நான் ஏதோ பரிசோதனை அதிகாரி மாதிரி.

ரெண்டு வருஷம்.
விடிகாலை நாலு மணிக்கு
விடுதி வாசலில் பொட்டலங்கள் வரும்,
மேலே பேனாவில் அறை எண்.
பகல் பன்னிரண்டுக்கு, பாதி எழும்பிய கட்டடத்தின் நிழலில்
ரப்பர் பேண்டைக் கழற்றும்போதே தெரிந்துவிடும்
சாம்பார் இன்று எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று.
கெட்டுப்போன நாளில் ஊறுகாயும் தண்ணீரும்.
கழற்றிய ரப்பர் பேண்டை மணிக்கட்டில் போட்டுக்கொள்வேன்.
ஏனென்று கேட்டால் தெரியாது.

லக்சாவைப் பார்த்திருக்கிறேன்.
லாரியின் பின்னாலிருந்து, சிவப்பு விளக்கில் நின்றபோது.
ஒரு பெண் கிண்ணத்துக்குள் குனிந்திருந்தாள்,
கண்ணாடி முழுக்க ஆவி.
விலைப்பலகையில் ஐந்தரை வெள்ளி.
மனசு உடனே பெருக்கிப் பார்த்தது,
முந்நூறுக்கு மேல்.
அதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

இப்போது அது என் முன்னால்.
மஞ்சளும் சிவப்புமாய், மேலே பாதி முட்டை,
கொத்தமல்லி கொஞ்சம் அதிகம்.
உறிஞ்சினேன்.
நாக்கு சுட்டது. தேங்காய், இறால், காரம்,
பின்னால் ஏதோ ஒரு இனிப்பு.
நன்றாக இருந்தது.
இவ்வளவு நன்றாக இருக்கும் என்று
யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

"அங்கே மாதிரி இருக்கா?"

மூன்று பேரும் என் வாயையே பார்க்கிறார்கள்.
அத்தோ வண்டிக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.
வீட்டுக்கு அனுப்பிய போட்டோவில் நான் நின்ற
உயரமான கட்டடம் எதிலும்
நான் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை என்பது
இவர்களுக்குத் தெரியாது.
தெரிந்தால்தான் என்ன,
கலியபெருமாள் சிரிப்பான், தோளில் தட்டுவான்.
அந்தத் தட்டு எனக்கு வேண்டாம்.

"புளிப்பு கொஞ்சம் கம்மி, அக்கா" என்றேன்.
"மத்தபடி அதேதான்."

அவர் தலையாட்டினார். மனசில் குறித்துக்கொண்டார்.

நேற்று தனியாகப் போனேன்.
எலுமிச்சை தாராளமாக விழுந்திருந்தது.
பல் கூசியது.
பக்கத்து மேசையில் கல்லூரிப் பையன்கள் கண்ணைச் சுருக்கியபடி
"செம ஒரிஜினல்டா" என்கிறார்கள்.
மதலேன் அக்கா தூரத்திலிருந்தே
கட்டைவிரல் உயர்த்திக் காட்டினார்,
புருவத்தால் கேட்டார்.
நானும் உயர்த்தினேன்.

"பார்சல் ஒண்ணு கட்டட்டுமா தம்பி, ராத்திரிக்கு?"
அவர் கை ரப்பர் பேண்ட் டப்பாவுக்குப் போயிருந்தது.

"வேணாம்க்கா. இன்னொண்ணு வேணும்னா
இங்கேயே உட்கார்ந்து சாப்பிடறேன்."
கிண்ணத்தைச் சாய்த்தேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.
ஆவி.