பாலையூற்றுப் போத்துக்கீசர்

சுற்றுப்போட்டி மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள்.
"அவரிடம் அதிகம் வாங்கிக் கட்டினவர் நீங்கள்தானே,
நீங்களே எழுதுங்கள், சபூர்தீன்" என்றார் செயலாளர்.
உண்மைதான். பதினான்கு கோல்.
கிண்ணியாவின் வலைக்கு முன்னால் நான் நின்ற ஒன்பது வருடத்தில்
எவரார்ட் பல்தசார் என்ற ஒருவரிடம் மட்டும்.

பிறந்த இடம்: பாலையூற்று.
தொழில்: துறைமுகப் பட்டறையில் பிற்றர்.
நாடு என்ற இடத்தில்
பேனை கொஞ்சம் நிற்கிறது.

எழுபத்தெட்டில் எங்கள் ஊருக்கு அவர் முதன்முதல் வந்தபோது
கார்க் கூரையில் குழாய் கட்டி
"போர்த்துக்கல் முன்வரிசை வீரர் இன்று களத்தில்" என்று
முனைச்சேனை வரை கத்திக்கொண்டு போனார்கள்.
கடையைப் பூட்டிவிட்டு வந்தது சனம்.
பாதையடியில் வெள்ளைக்காரனைத் தேடிக்கொண்டு நிற்க,
மண்ணெண்ணெய்ப் பீப்பாக்களுக்கு நடுவிலிருந்து இறங்கினார்
எங்களைவிடக் கறுத்த ஒருவர்,
சப்பாத்து இரண்டையும் கழுத்தில் மாலையாகப் போட்டபடி.
"எங்கே போர்த்துக்கல்?" என்று யாரோ கேட்டதற்கு
வீட்டுக்குள் மட்டும் பேசுகிற பாஷையில் என்னவோ சொன்னார்.
கைதட்டல் ஓயவில்லை.
கால் நனைந்துவிட்டது, ஒரு துவாய் கிடைக்குமா,
அவ்வளவுதான் கேட்டேன் என்று
பல வருடம் கழித்து எனக்குச் சொன்னார்.

அன்று மூன்று அடித்தார்.
ஒன்று இடது காலால்.
மற்ற இரண்டும் எந்தக் காலென்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

லிஸ்பனை அவர் கண்டதில்லை.
அங்கிருந்து வந்ததெல்லாம் எங்கள் எல்லாருடைய வாயிலும்
ஏற்கெனவே கிடந்தது:
காலுக்குச் சப்பாத்து, இடுப்புக்குக் கழிசான்,
முழங்கால் கிழிந்தால் கட்ட ஒரு லேஞ்சி,
ஆட இடம் கிடைக்காதவன் குந்தியிருக்க வாங்கு.
வாங்கில் மட்டும் அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

எண்பத்தைந்துக்குப் பிறகு என்ன என்று
மலர்க்காரப் பிள்ளைகள் வருடவாரியாகக் கேட்கிறார்கள்.
கோல் கம்பத்தில் முட்கம்பி சுற்றியிருந்தது, பிள்ளைகளே.
ஊரடங்கு தளர்ந்த இரண்டு மணி நேரத்தில்
பாணுக்கு வரிசையில் நின்றார்.
நின்றபடியே ஒரு டின்பால் தகரத்தை
இடது காலில் ஏந்தி ஏந்தித் தட்டினார்,
நிலத்தில் விழவிடாமல்.
வரிசை நகர்ந்தது. தகரமும் கூடவே நகர்ந்தது.
அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஓய்வு பெற்ற திகதியும் இல்லை.
தொண்ணூற்றொன்றில் பழைய ஆட்கள் ஒருநாள் கூடி ஆடினோம்.
டச் பே பக்கம் உருண்டு போன பந்தை எடுக்கப் போனவர்
பந்தை உள்ளே எறிந்தார்,
மதிலில் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்தார்,
போய்விட்டார்.
தண்ணீர் குடிக்கப் போகிறார் என்றே நினைத்தோம்.

இனி அடிக்காத ஒரு கோலைப் பற்றி எழுதவேண்டும்.
எண்பத்துநாலு, இறுதிப்போட்டி, ஏகாம்பரம் மைதானம்.
யாரும் அடிக்கவில்லை. கடைசி நிமிடம்.
நான் முன்னே பாய்ந்து, தவறி, மண்ணில் கிடக்கிறேன்.
பந்து அவர் காலில். வலை முழுக்க வெறுமை.
கோட்டைப் பக்கமிருந்து ஒரு மான்
நடந்து வந்து கோல் வாசலில் நின்றது.
நான் மானைப் பார்த்தேன்.
அவர் பந்தைப் பாதத்தால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு
இடுப்பில் கை வைத்துக் காத்து நின்றார்,
வீதியில் யாருக்கோ வழிவிடுகிற மாதிரி.
சனம் தூஷணத்தில் கத்தியது.
மான் புல்லைக் கடித்தது.
விசில் ஊதியது.
நாணயம் சுண்டினார்கள்; கிண்ணம் எங்களுக்கு.
இப்போதும் அது எங்கள் பள்ளிக்கூட அலமாரியில் இருக்கிறது.
நான் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

அச்சுக்குக் கொடுக்குமுன் சரிபார்க்கப் போன் எடுத்து
எல்லாவற்றையும் வாசித்தேன்.
பதினான்கா பதினைந்தா என்று கேட்பார் என நினைத்தேன்.
நெடுநேரம் இருமினார்.
"அந்த மானுக்கு ஒரு கொம்புதான் இருந்தது, சபூர்.
மறக்காமல் அதையும் போடும்" என்றார்.