காற்புள்ளி

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி
நாற்பது கட்டில் மருத்துவமனை.
நர்சுகளின் ஷிஃப்ட் பட்டியல்
நான் எழுதிய பைத்தான்.

அந்த வாரம் அஜிதாவுக்கு இரவு, ரெஜிலாவுக்குப் பகல்.
அஜிதாவின் வீட்டுக்காரன் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து
ஆழ்கடலுக்குப் போகிற ராத்திரி அது.
போனால் நாற்பது நாளுக்குக் கரை கிடையாது.
இருவரும் பேசிவைத்து வந்து சொன்னார்கள்,
அங்கோட்டும் இங்கோட்டும் மாத்திப் போட்டா போதும்.

இதென்ன பெரிய வேலை என்று

    இரவு = பகல்
    பகல் = இரவு

இரண்டே வரி. பிழை என்று ஒரு முனகல்கூட இல்லை.
சேமித்துவிட்டு
ஏத்தங்காய் உப்பேரிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

காலை ஏழு. துலாம் மாத மழை.
சொட்டும் குடையோடு பலகை முன்னால் அஜிதா:
"எனக்க பேரு எங்க போச்சு?"

பகலிலும் ரெஜிலா.
இரவிலும் ரெஜிலா.
விரல் வைக்கிற இயந்திரம் அவளை
மூன்று முறை மறுதலித்தது.
சேவல் கூவாத குறை.

முதல் வரியிலேயே போய்விட்டிருந்தாள்.
இரண்டாம் வரி அவளைத் தேடவில்லை.
ரெஜிலாவை எடுத்து
ரெஜிலா இருந்த இடத்திலேயே வைத்தது,
மிகவும் கவனமாக.

மேலாளர் வில்ஃபிரட் சொன்னார்,
ஒரு துண்டுத் தாளில் குறித்துவைத்திருக்கலாமே.
அதுவும் வழிதான்.
பஸ்ஸில் சீட்டு மாற்றுகிறவர்களில் ஒருவர்
எழுந்து கம்பியைப் பிடித்து நிற்பதுபோல
மூன்றாவதாக ஒரு பெயர்,
இரண்டு நொடி வேலைக்கு.
நான் அழித்துவிட்டு எழுதினேன்:

    இரவு, பகல் = பகல், இரவு

வலப்பக்கம் முழுவதையும் முதலில் வாசிக்கிறது.
இரண்டு பேரையும் கையில் எடுத்த பிறகே
இடப்பக்கம் திரும்புகிறது.
அடைப்புக்குறிகூடக் கேட்கவில்லை.
ஒற்றைக்கால் புள்ளி ஒன்று
நடுவில் நின்றால் போதும்,
யாரும் கீழே விழுவதில்லை.

ஏழு இருபதுக்கு இயந்திரம் பச்சை காட்டியது.

மாலையில் படிக்கட்டில் பார்த்தேன்.
இறங்குகிறாள் அஜிதா, ஏறுகிறாள் ரெஜிலா.
மருந்து அலமாரிச் சாவிக்கொத்து
இவள் விடுமுன் அவள் பிடித்தாள்.
ஒரு கணம் நான்கு கை.
அப்புறம் அஜிதா ஓடினாள்,
தேங்காய்ப்பட்டணம் பஸ்ஸுக்கு.

மாதக் கடைசியில்
இருபது நிமிடத் தாமதத்துக்கு அரைநாள் சம்பளம் பிடித்திருந்தார்கள்.
அந்தக் கணக்கு வேறொருவன் எழுதியது.
அவன் எண்ணைக் கேட்டிருக்கிறேன்.