ஒரு வரி இடம்

வட்டார அலுவலகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
வெள்ளிக்குள் ஸ்டேங்கர் போய்ச் சேர வேண்டுமாம்,
இரண்டு நகல்.
எட்டாம் கேள்வி:
உங்கள் பள்ளியின் விழுமியங்கள், ஐந்து வரிக்கு மிகாமல்.

ஏழு வரை சுலபம்.
மாணவர் இருநூற்றுப் பதினொன்று.
கழிப்பறை ஆறு, கதவுள்ளவை நான்கு.
தண்ணீர்: தொட்டி.
வீட்டுமொழி: ஸூலு இருநூற்றிரண்டு, ஆங்கிலம் ஒன்பது.
தமிழுக்குக் கட்டமே இல்லை;
இருந்தாலும் சுழியம்தான் போட்டிருப்பேன்,
குமாஸ்தா கணக்கில் வரமாட்டாள்.

எட்டில் பேனா நின்றுவிட்டது.

போன வருடத்து நகலை எடுத்துப் பார்த்தேன்.
நேர்மை. மரியாதை. பொறுப்பு. வெளிப்படைத்தன்மை.
என் கையெழுத்துதான்.
எந்தப் பள்ளியின் தாளிலும் போய் உட்காரும்
வாடகைப் பந்தல் நாற்காலிகள்.

வெளியே கரும்பு எரிகிறது.
நாளை ஆலைக்கு லாரி போகவேண்டும்.
கரித்தூள் மிதந்து வந்து
பந்தாடும் பிள்ளைகளின் தோளில் இறங்குகிறது.
வெள்ளைச் சட்டை விதி இந்த மாதங்களில்
யாரும் சொல்லாமலே தளர்ந்துகொள்ளும்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பாலம் போன ஏப்ரலில்
லோகன் மூனியன் கரும்புப் பெட்டி பூட்டிய டிராக்டரில்
அக்கரைப் பிள்ளைகளை நிற்கவைத்து ஏற்றி வந்தார், பத்து வாரம்.
பிறகு டீசலுக்குப் பில் கொடுத்தார், சதம் வரை.
அடைக்கப் பதினான்கு மாதம் ஆனது எங்களுக்கு.
அவர் ஒருநாளும் கேட்கவில்லை,
தள்ளுபடியும் செய்யவில்லை.

ஆகஸ்டில் சமையல்கொட்டகை காஸ் சிலிண்டர் காணாமல் போனது.
நாற்பத்தெட்டுக் கிலோ.
பூட்டு உடையவில்லை.
சாவி இரண்டே இரண்டு:
ஒன்று தலைமையாசிரியை ஹ்லெங்கிவே சோண்டியிடம்,
மற்றது மாங்குபானே இடுப்பில்.
அன்று பிள்ளைகளுக்கு ரொட்டியும் ஜாமும்.

மாலைக் குழுக்கூட்டத்துக்கு
யாரும் அழைக்காமல் மாங்குபானே வந்தாள்.
ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை.
"என் மகன் மோண்ட்லி," என்றாள்.
"நான் தூங்கும்போது எடுத்திருக்கிறான்.
வண்டி யாருடையது, தெரியாது.
போலீஸைக் கூப்பிடுவதானால்
நான் இங்கே இருக்கும்போதே கூப்பிடுங்கள்."
சாவியை மேசைமேல் வைத்தாள்.

மோண்ட்லி எங்களிடம் ஏழு வருடம் படித்தவன்.
கணிதப் பரிசுப் பட்டியலில்
அவன் பெயர் இன்னும் சுவரில் இருக்கிறது;
பெயின்ட் வாங்கக் காசில்லாததால் பிழைத்த பட்டியல்.

ரோஷினி செட்டி மட்டும் எழுந்தார்.
"பாவம்தான். ஆனால் அது பிள்ளைகளின் அடுப்பு," என்றார்.
அவர் சொன்னதும் சரி.
அந்தச் 'சரி' அறைக்குள் கொஞ்ச நேரம் நின்றது,
உட்கார இடம் கிடைக்காத விருந்தாளிபோல.

லோகன்தான், டீசலைச் சதம் வரை எண்ணுகிறவர்,
சாவியை ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினார்.
உடைந்த ஸூலுவில் கேட்டார்:
"நாளைக்குச் சோளம் ஊறப்போட வேண்டாமா?"
தலைமையாசிரியை
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
துடைக்க அதில் ஒன்றுமில்லை.

நடவடிக்கைப் புத்தகத்தில் நான் எழுதியது:
சிலிண்டர் புதிதாக வாங்கத் தீர்மானம்.
செலவு உறுப்பினர் பங்கு.
அதன்கீழ் ஒரு வரி இடம் விட்டேன்.
தணிக்கைக்காரர் விரலை வைத்துக் கேட்டார்,
இங்கே என்ன?
பேனா மாற்றினேன், என்றேன்.

வெளிப்படைத்தன்மை என்று எழுதிய அதே கை.

மோண்ட்லி இன்னும் ஊர் திரும்பவில்லை.
நாங்கள் செய்தது அவனைத் திருத்தியதாகச் சொல்ல
என்னிடம் சான்று கிடையாது.
ரோஷினி செட்டி தன் பங்கைக் கொடுத்துவிட்டார்,
ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு.

மணி மூன்றாகிறது.
கொட்டகையில் பெரிய பானையைக் கவிழ்த்துக் கழுவுகிறாள்,
சத்தம் கேட்கிறது.

எட்டாம் கேள்விக்கு எழுதினேன்:
சமையல்கொட்டகைக்குச் சாவி இரண்டு.
இரண்டும் பயன்பாட்டில் உள்ளன.

மூன்று வரி மிச்சம்.
கரித்தூள் ஒன்று தாளில் வந்து அமர்ந்தது.
தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும்.
ஊதினேன்.